அசல் முடி விக் வாங்கினால் தொல்லை தீருமா?

வாசகர் கேள்வி, மார்ச் 4

செயற்கை இழை விக் ஒன்று வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. பிடரிப் பக்கம் முழுவதும் முறுக்கிக்கொண்டு சிக்காகிவிட்டது. தலையிலும் ஒழுங்காக நிற்பதில்லை, கழுத்தைத் திருப்பினாலே பின்னோக்கி நழுவுகிறது. முதலிலேயே மனித முடியில் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். இதை ஒதுக்கிவிட்டு அசல் முடிக்கே மாறிவிடலாமா அக்கா?

மார்ச் 4, இரவு

மாறாதீர்கள். மாறுவதென்றாலும் இந்தக் காரணத்துக்காக மாறாதீர்கள். சிக்கு உராய்வால் வருகிறது, எந்த விக்காக இருந்தாலும். நழுவுவது அளவு பொருந்தாததால் வருகிறது. உள்தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தால், அதில் எந்த முடியைத் தைத்திருந்தாலும் பின்னால் போகத்தான் செய்யும்.

இரண்டு விவரம் வேண்டும். முடியின் நீளம் தோளைத் தொடுகிறதா? உங்கள் தலைச் சுற்றளவை யாராவது அளந்தார்களா, அல்லது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிக் கையில் கொடுத்தார்களா?

மார்ச் 5

தோள் வரை நீளமாம், யாரும் அளக்கவில்லையாம். எதிர்பார்த்ததுதான்.

எனக்கு அலோபேசியா. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே முடியின் வேர்ப்பைகளைத் தாக்கும் வகை. வட்ட வட்டமாகத் தொடங்கி, தலை முழுவதும் போய்விட்டது. ஆகவே விக் எனக்கு விழாக்கால அலங்காரம் அல்ல. கிட்டப்பார்வை உள்ளவருக்கு மூக்குக்கண்ணாடி எப்படியோ அப்படி. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, பெரும்பாலான விக்குகள் அக்கறையால்தான் கெடுகின்றன. தலைமுடியைக் கவனித்த அதே பழக்கத்தில் இதையும் கவனிக்கிறோம். எண்ணெய் தடவுகிறோம், நுரை பொங்கத் தேய்க்கிறோம், ஈரத்தோடு உச்சியிலிருந்து சீப்பைப் போட்டு இழுக்கிறோம், துண்டால் அழுத்தித் துவட்டுகிறோம்.

தலையில் வளரும் முடி இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஒன்று உதிர்ந்தால் அதே வேர்ப்பையிலிருந்து இன்னொன்று முளைக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். தோலும் தானாகவே எண்ணெய் சுரந்து முடியைப் பூசிக்கொண்டிருக்கும். விக்கில் வேரும் கிடையாது, சுரப்பியும் கிடையாது. இன்று அறுந்த இழை அறுந்ததுதான்.

அதனால் விக்கை முடி என்று நினைக்காதீர்கள், நல்ல துணி என்று நினையுங்கள். செயற்கை விக்கில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல. பல விக்குகளின் இழை மோடாக்ரிலிக். போலி ரோம ஆடைகளும், எளிதில் தீப்பற்றாத பாதுகாப்பு உடைகளும் இதே இழை வகையில்தான் செய்யப்படுகின்றன.

மனித முடிக்கும் கணக்கு இதேதான். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள விக்கின் நுனி, வெட்டப்பட்ட அன்றே மூன்று வயதைக் கடந்தது. புத்தம்புதியது என்று பெட்டியில் வருகிறதே, அதன் வயது அது.

மார்ச் 5, பின்னிரவு

சிக்குக்கு நேரடியான பதில் சொல்லாமல் போய்விட்டேனே. சட்டைக் கழுத்துப்பட்டை, கம்பளி, கழுத்துத் துண்டு, பையின் தோள்வார், நாற்காலியின் உயரமான முதுகு. எதிரிகள் இவ்வளவுதான். பிடரி முடியை நுனியில் கொஞ்சம் குறைத்து, கழுத்துப்பட்டைக்கு மேலே நிற்கும்படி வெட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். விக் வெட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெட்டியது வளராது என்பதை அவரிடமும் ஒருமுறை சொல்லுங்கள். தலைமுடி வெட்டிப் பழகிய கை கொஞ்சம் தாராளமாகவே வெட்டும்.

மார்ச் 7

அளவு. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இதில்தான் எல்லாமே இருக்கிறது.

அளவுநாடாவை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, காதுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய், பிடரிப் பள்ளத்தைச் சுற்றி மறுபக்கம் வழியாக முன்னால் கொண்டுவாருங்கள். நாடா படிந்திருக்கவேண்டும், இறுகக் கூடாது. நடுத்தர அளவு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 54 முதல் 57 சென்டிமீட்டர் தலைக்கானவை. அதற்குக் கீழே இருந்தால் சிறிய அளவு கேட்டு வாங்கவேண்டும். பின்பக்கப் பட்டைகளை இழுத்து ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் பட்டையை முழுவதும் இழுத்துமுடித்த பிறகும் தளர்வாக இருக்கிறதென்றால் அது உங்கள் விக் அல்ல, வேறு யாருடையதோ.

மிக இறுக்கமாக இருந்தாலும் மேலே ஏறும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான உருண்டை மேல் இறுக்கமான மீள்பட்டை நிற்காது. நெற்றியில் வலியோடு ஏறினால் சிறிது, வலியில்லாமல் ஏறினால் பெரிது. நான் வைத்திருக்கும் சோதனை இது.

அணியும் முறையிலும் ஒரு வார்த்தை. தலையைக் குனிந்து, முன்விளிம்பை நெற்றியில் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடரிக்குக் கீழே இழுங்கள். காதோரம் இரண்டு சிறிய மடல்கள் இருக்கும், உள்ளே வளையும் கம்பி தைத்திருப்பார்கள். அந்த இரண்டும் காதுக்கு முன்னால் ஒரே மட்டத்தில் வந்தால் விக் நேராக இருக்கிறது என்று பொருள். கண்ணாடியில் உச்சி வகிட்டைப் பார்த்து நேராக்குகிறவர்கள் உண்டு. வகிடு பொய் சொல்லும், மடல் சொல்லாது. கம்பியைக் கன்னத்து எலும்போடு படியும்படி விரலால் அழுத்தி வளைத்துவிடுங்கள். காதோரம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் போல விக்கைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றும் இல்லை.

நெற்றியில் எவ்வளவு கீழே வைப்பது? புருவத்துக்கு மேல் நான்கு விரல் அகலம் என்பது பொதுக்கணக்கு. முடியே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. புருவத்தை உயர்த்துங்கள். சுருக்கம் விழும் பகுதி நெற்றி. சுருக்கம் எங்கே நின்றுவிடுகிறதோ அதற்குச் சற்று மேலே முடி தொடங்கவேண்டும். புதிதாக அணிகிறவர்கள் கழன்றுவிடும் என்ற பயத்தில் கண்வரை இழுத்துக்கொள்கிறார்கள். அப்போது அது விக் அல்ல, குல்லா.

மார்ச் 8

முதல்நாள் நான் எழுதியதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தவேண்டும். உராய்வு எல்லா விக்கையும் பாதிக்கும் என்றேன், உண்மை. ஆனால் ஒரே அளவில் அல்ல. செயற்கை இழை உராய்ந்தால் அதன் மேற்பரப்பே சிலிர்த்துப்போகும், தானாகப் பழைய நிலைக்கு வராது. மனித முடி சிக்கானால் பொறுமையாகப் பிரித்து, அலசி, திரும்பப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆகவே உங்கள் வீட்டார் முழுவதும் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்ட பாதியை மட்டும் பின்னால் எழுதுகிறேன்.

மார்ச் 11

கழுவுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தினமும் கழுவாதீர்கள். செயற்கை விக்கை ஆறு முதல் எட்டு முறை அணிந்த பிறகு கழுவினால் போதும். வியர்வை அதிகமென்றால் முன்னதாக. நாள்தோறும் மாற்றிக் கழுவவேண்டியது உள்ளே போடும் மெல்லிய உறையைத்தான். அழுக்கும் வியர்வையும் முதலில் அதில் படியும். பருத்தியோ மூங்கில் இழையோ இருந்தால் தோலுக்கு நல்லது.

கழுவுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். அகலப் பல் சீப்பு போதும். பிறகு குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பு கலந்து விக்கை அதில் அமிழ்த்தி, மெதுவாக அலையவிடுங்கள். தேய்க்காதீர்கள். கசக்காதீர்கள். சில நிமிடங்கள் ஊறவிட்டு, நெற்றி விளிம்பின் உட்பக்கத்தை மட்டும் விரல் நுனியால் தடவிக் கழுவுங்கள். ஒப்பனை படிவது அங்கேதான். நல்ல நீரில் அலசி, பிழியாமல், ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். அவ்வளவுதான்.

ஈரமாக இருக்கும்போது செயற்கை விக்கைச் சீவாதீர்கள். இழை நீண்டு, வடிவம் கலைந்துவிடும். உலர்ந்ததும் ஒரு உதறு உதறினால் அலையோ சுருளோ, தொழிற்சாலையில் வெப்பத்தால் பதித்த வடிவம், தானாகவே திரும்பி வரும். சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. நானும் அந்தக் கூட்டம்தான்.

காயவைக்கும்போது தலை வடிவ நுரைப்பொம்மையில் மாட்டாதீர்கள். நனைந்த தொப்பி அதன்மேல் விரிந்து, காய்ந்த பிறகும் தளர்ந்தே நிற்கும். உள்ளே காற்றும் போகாது. குறுகலான மடக்குத் தாங்கியே மேல். வெயில் வேண்டாம், முடி உலர்த்தியும் வேண்டாம்.

மார்ச் 12

நுரைப்பொம்மை பற்றி விக் தைக்கத் தெரிந்த ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. உங்கள் தலையின் அதே சுற்றளவில், உள்ளே அடைத்துத் தைத்த கித்தான் தலை இருந்தால், அதில் விக்கை ஊசிகுத்திப் பொருத்தி உலர்த்தலாம். மனித முடியைச் சுருட்டி அமைக்க அதுதான் முறை. நேற்று நான் வேண்டாம் என்றது ஏதோ ஓர் அளவில் வரும் நுரைத்தலையை. அது உலர்ந்த விக்கை வைக்க மட்டும் போதும்.

மார்ச் 15

எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு. வேண்டாம். தோல் சுரக்கும் எண்ணெய் விக்குக்குக் கிடைப்பதில்லை என்று நானே சொல்லிவிட்டு ஏன் தடுக்கிறேன் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். மனித முடி விக்குக்கு ஈரப்பதம் தரவேண்டும், அதற்குக் கண்டிஷனர் இருக்கிறது. அதையும் நடுப்பகுதியிலிருந்து நுனிவரைதான் தடவவேண்டும். முன்விளிம்பில் வரும் லேஸ் வலையிலும், மோனோஃபிலமென்ட் என்னும் மெல்லிய ஒற்றையிழை வலைத்துணியிலும் ஒவ்வொரு முடியும் கையால் முடிச்சிட்டுக் கட்டப்பட்டது. முடிச்சில் வழுவழுப்பு ஏறினால் அவிழும், முடி உதிரும். எண்ணெய் அடிவரை ஓடும், தூசியைப் பிடித்துவைக்கும், தொப்பியையும் தலையில் நிற்கவிடாது. செயற்கை இழையோ எண்ணெயை உறிஞ்சவே உறிஞ்சாது. மேலே பிசுபிசுத்துக் கிடக்கும்.

மார்ச் 16

வெப்பம். சாதாரணச் செயற்கை விக்கை அணிந்துகொண்டு கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறக்காதீர்கள். ஓவன் கதவைக் குனிந்து திறக்காதீர்கள். எழும் ஆவியில் முன்நெற்றி முடி ஒரு நொடியில் சுருண்டு பொரிந்துவிடும். பார்த்தவர்களுக்கு எப்போதும் சிரிப்பு வரும், அணிந்தவருக்குச் சில நாள் கழித்துத்தான் வரும். எளிதில் தீப்பிடிக்காது என்பதும் உருகாது என்பதும் வேறு வேறு.

வெப்பம் தாங்கும் இழை என்று தனி வகை உண்டு. எத்தனை டிகிரி வரை என்று அதனுடன் வரும் சீட்டில் இருக்கும். அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். ஆனால் அந்த வகை சாதாரண இழையைவிடச் சீக்கிரம் பிடரியில் சிலிர்க்கிறது என்பது என் அனுபவம். கருவியால் வடிவம் மாற்றும் பழக்கம் இல்லையென்றால் அதற்காகத் தனியாகத் தேடவேண்டாம்.

மார்ச் 19

கீமோதெரபி தொடங்கப்போகும் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு பதிலை இங்கே வைக்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. உங்கள் மருந்துக்குக் கொட்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கொட்டுமென்றால் பெரும்பாலும் முதல் மருந்து ஏறிய இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கும். விக்கை அதற்கு முன்பே பார்த்துவையுங்கள். நிறத்தையும் முன்நெற்றிக் கோட்டையும் ஒப்பிட அப்போதுதான் அசல் இருக்கும். நிழற்படமும் எடுத்துவையுங்கள், உச்சியிலும் பக்கவாட்டிலும்.

ஒரு பொறி இருக்கிறது. முடி இருக்கும்போது அளந்த தலை, முடி போன பிறகு சிறுத்துவிடும். அடர்த்தியான முடியென்றால் வேறுபாடு நன்றாகவே தெரியும். பட்டையை இழுத்துச் சுருக்க இடம் இருக்கும் தொப்பியாக எடுங்கள்.

வெற்றுத் தலையில் தையல் உறுத்தும். வரிவரியாகத் தைத்த சாதாரணத் தொப்பியைவிட மோனோஃபிலமென்ட் அல்லது முழுவதும் கையால் கட்டியது மென்மையாக இருக்கும். சீப்பு போன்ற கிளிப்புகள் தைத்திருந்தால் பிரித்தெடுத்துவிடுங்கள். பிடிக்க முடி இல்லாதபோது அவை தோலைத்தான் கீறும். வெல்வெட் பட்டை ஒன்றைத் தலையில் கட்டி அதன்மேல் விக்கை வைத்தால் நழுவாது. மனித முடி தேவையா என்று கேட்டிருந்தீர்கள். சில மாதங்களுக்கு, அதுவும் உடம்பில் வலுவில்லாத மாதங்களுக்கு, ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் உட்கார்ந்து சுருட்டி அமைக்கவேண்டிய ஒன்றை ஏன் வாங்கவேண்டும்? உதறினால் வடிவத்துக்கு வந்துவிடும் செயற்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

நேற்றுச் சொன்ன கிளிப்பு பற்றி இன்னும் ஒன்று. முடி மெலிந்திருப்பவர்கள், மிச்சமிருக்கும் முடியிலேயே கிளிப்பை மாட்டி விக்கைத் தொங்கவிடுகிறார்கள். தொடர்ந்து ஒரே இடத்தில் இழுபட்டால் அந்த வேர்களும் பட்டுப்போகும். இழுவையால் வரும் அலோபேசியா என்றே அதற்குப் பெயர் இருக்கிறது. இருக்கும் முடியைக் காப்பாற்ற வாங்கிய விக், இருப்பதையும் பிடுங்கவேண்டாம்.

மார்ச் 24

செயற்கை என்பது பளபளப்பிலேயே தெரிந்துவிடுகிறதே என்று ஒருவர். தெரியும், புதிதாக இருக்கும்போது. ஒருமுறை கழுவினால் கொஞ்சம் அடங்கும். உலர் ஷாம்புவோ துளி டால்கம் பவுடரோ தூவி உதறிவிட்டால் இன்னும் அடங்கும். ஆனால் விக்கைக் காட்டிக்கொடுப்பதில் பளபளப்பைவிட அடர்த்திக்குப் பங்கு அதிகம். கடையில் தூக்கிப் பார்க்கும்போது அடர்த்தியானது தரமானதாகத் தோன்றும். தலையில் ஏறியதும் பாரம்பரியச் சிற்பத்தின் கிரீடம்தான். முன்நெற்றியில் முடி மெலிதாகத் தொடங்கிப் பின்னால் போகப்போக அடர்வதுதான் இயல்பு. வேர்ப்பக்கம் சற்றுக் கருமையாக இருந்தால் இன்னும் நல்லது.

லேஸ் முன்விளிம்பை நேர்கோடாக வெட்டாதீர்கள். சிறுசிறு வளைவும் கோணலுமாக, விக் தலையில் இருக்கும்போது, கண்ணாடி முன்னால் வெட்டுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் லேஸ் மிஞ்சியிருக்கட்டும். முடிச்சுவரை வெட்டினால் முதல் வரிசை முடி அவிழ்ந்துவிடும்.

மார்ச் 27

பசை வேண்டுமா? பெரும்பாலானோருக்கு வேண்டாம். அளவு சரியாக இருந்தால் வெல்வெட் பட்டையோ, முடியற்ற தலையென்றால் தொப்பியின் உட்பக்கத்தில் சிலிக்கோன் பட்டையோ போதும். சிலிக்கோன் வெறும் தோலில்தான் பிடிக்கும். உறையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சிலிக்கோன் தொப்பியை வைத்துவிட்டு நழுவுகிறது என்று திட்டாதீர்கள்.

பசைதான் வேண்டுமென்றால், முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதை மறந்துவிடுங்கள். கழற்றும்போது கரைப்பானால் ஊறவைத்துக் கழற்றுங்கள். பிய்த்தால் லேஸும் கிழியும், தோலும் கிழியும். தோலில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் பசைப் பேச்சே வேண்டாம்.

ஏப்ரல் 2

கொஞ்சம் திசைமாறுகிறேன். பராமரிப்பே தேவைப்படாத விக் வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. இங்கிலாந்து வழக்கறிஞர்களின் விக்குகளைக் களிம்பும் மாவும் பூசி, சுருள் கலையாமல் காத்துத் திரியவேண்டியிருந்தது. ஹம்ஃப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1822-இல் குதிரைமயிரில் சுருள் கலையாத, மாவு தேவைப்படாத விக்குக்குக் காப்புரிமை பெற்றார். வழக்கறிஞர்கள் இன்றும் அணிவது அதே வகை. 2008-இல் அங்கே சிவில், குடும்ப வழக்கு நீதிபதிகள் விக்கை விட்டுவிட்டார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் அது தொடர்கிறது. அந்தத் தொழிலில் விக் பழுப்பேறி நைந்திருந்தால் அனுபவசாலி என்று மதிப்பாம். பராமரிக்காததற்குப் பெருமைப்பட்டுக்கொள்ள முடிகிற ஒரே கூட்டம் அவர்கள்தான், நமக்கு அந்த வசதி இல்லை.

ஏப்ரல் 9

மனித முடி பற்றிப் பாதியில் விட்டதை முடிக்கிறேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அழகானது, அசைவு அருமை, தொட்டால் வித்தியாசம் தெரியும். ஆனாலும் அலமாரியில்தான் அதிகம் இருக்கிறது. ஈரக்காற்றில் பொங்கும், சுருள் இறங்கும், வெயிலில் நிறம் மங்கும். கழுவினால் அமைப்பும் சேர்ந்து போய்விடும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ரெமி முடியா என்று கேளுங்கள். முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ரெமியில் எல்லா முடியும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். திசை கலந்த முடியில் ஒன்றின் செதில் இன்னொன்றில் மாட்டும். அதைத் தவிர்க்க அமிலத்தால் செதிலை அரித்தெடுத்து, மேலே சிலிக்கோன் பூசி விற்பார்கள். கடையில் பட்டு. சில கழுவலில் பூச்சு போனதும் சிக்கு. உங்கள் வீட்டார் சொன்ன அசல் முடி இந்த வகையாக இருந்தால், இப்போதிருக்கும் விக்கைவிட மோசமான நிலைக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

ஏப்ரல் 10

எம்ஆர்ஐ எடுக்கப்போனால் விக்கைக் கழற்றச் சொல்வார்கள். காதோர மடலில் கம்பி இருக்கிறதே, பட்டையில் கொக்கியும் இருக்கலாம். பையில் ஒரு மென்மையான தொப்பியோ துணியோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டு கலங்கவேண்டாம்.

ஏப்ரல் 18

கேள்வி கேட்டவரின் செய்தி வந்திருக்கிறது. தலை 53 சென்டிமீட்டராம், விக் நடுத்தர அளவாம். பட்டையை இறுக்கி வெல்வெட் பட்டையும் போட்ட பிறகு நிற்கிறதாம். பிடரியை வெட்டிக் குறைத்துவிட்டார். சிலிர்த்துப்போன மீதி இழையை என்ன செய்வது என்கிறார்.

விக்கைக் கழற்றித் தாங்கியில் வைத்து, ஆவியைக் கையெட்டும் தூரத்திலிருந்து மட்டும் காட்டி, மெதுவாகச் சீவி, ஆறும்வரை நேராகப் பிடித்திருங்கள். ஓரளவு படியும், நிரந்தரமாக அல்ல. அடியில் மறைந்திருக்கும் ஒரு கற்றையில் முதலில் சோதித்துப் பாருங்கள். படியவில்லையென்றால் அடிவரிசையில் மிக மோசமான இழைகளை மட்டும் வெட்டிவிடலாம், மேல்வரிசை மறைத்துக்கொள்ளும்.

நாள்தோறும் அணிந்தால் செயற்கை விக் நான்கு முதல் ஆறு மாதம் உழைக்கும், அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. இரண்டை மாற்றி மாற்றி அணியுங்கள். அடுத்ததைச் சிறிய அளவில், கழுத்தைத் தொடாத நீளத்தில் எடுங்கள். இரவில் கழற்றிவிடுங்கள். தலையையும் தினம் கழுவி, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பை இரவில் மட்டும் தடவுங்கள். காலையில் தடவினால் வெல்வெட் பட்டையும் வழுக்கும்.